முகூர்த்தத்தை யார் எடுத்தது?

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் ஒன்றைப் பார்த்துக் கேமராவைத் தூக்கிவிட்டால், மற்றவர்கள் தங்கள் கேமராவை இறக்கிவிட வேண்டும். அது அவருடைய படம். அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அதையே இன்னொரு தரம் எடுக்கக் கூடாது. வேறு எதையாவது தேடிக்கொள்ள வேண்டும். கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். "வானம் என்ன உங்க பெரியப்பன் ஊட்டு வானமா, ஒரு ஆளு எடுத்தா இன்னொரு ஆளு எடுக்கக் கூடாதுன்னு?" என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். அவருக்குப் புரியாது. அவர் கொல்லிமலை அருவிச் சண்டையைப் பார்த்தவர் இல்லை.

அந்தச் சண்டையைச் சொல்வதற்கு முன்னால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நான்கு பேர். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். நாமக்கல்லில் அவர் பட்டறையில் கட்டிய லாரி ஓடாத மாநிலம் இல்லை என்று சொல்லிக்கொள்வார், பாதியாவது உண்மை. இன்னொருவர் முட்டை வியாபாரி. வாரம் முழுக்கக் கோழிப்பண்ணைகளில் அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் போய்க் கொக்கையும் நாரையையும் படம் பிடிப்பார். "ஆறு நாளு பறவைய பாத்தது பத்தலீங்ளா?" என்று நான் கேட்டால், "அம்மிணி, அது தொழிலு, இது சந்தோசம்" என்பார். நாங்கள் அவரை முட்டைக்காரர் என்றே கூப்பிடுவோம். அவருக்கும் அதில் வருத்தமில்லை. மூன்றாவது ஆள் சார். உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறார். பாறையும் அருவியும்தான் அவருக்கு உயிர். சேலத்துக்காரர், ஞாயிறு காலையில் சர்ச்சில் முதல் பூசையை முடித்துவிட்டு, முக்காலியை முதுகில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார்.

நான்காவது நான். கோழித்தீவனம் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. மக்காச்சோளத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று நாளெல்லாம் நுண்ணோக்கியில் பார்ப்பேன். அதனாலோ என்னவோ, எனக்குச் சின்ன உருப்படிகள்மேல்தான் ஆசை. எறும்பு, அசுவினிப் பூச்சி, முருங்கை இலையின் பனித்துளி. மேக்ரோ லென்ஸைத் தவிர வேறு லென்ஸை நான் மாட்டியதே கிடையாது. "இந்தப் புள்ளைக்கு மனுசங்க மொகமே கண்ணுல படாது" என்று அண்ணன் என்னைக் கிண்டல் செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு பக்கம் சுற்றிவிட்டு, வெயில் ஏறியதும் சேந்தமங்கலம் சாலையில் இருக்கும் ஒரு பேக்கரியின் பின்பக்க மேசைக்கு வந்துவிடுவோம். சார் மடிக்கணினி கொண்டுவருவார். ஆளுக்கு ஒரே ஒரு படம். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்ற மூன்று பேரும் பேசி முடித்த பிறகுதான் அவர் பேசலாம். அதற்குள் எடுத்தவர் படும் பாடு இருக்கிறதே! ஒரு தரம் நான் வியர்க்க விறுவிறுக்க எடுத்த எறும்புப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, சக்கரப் பொங்கல்ல முந்திரியா?" என்று முட்டைக்காரர் கேட்டார். அன்றைக்கு நான் தேங்காய் பன்னை அவர் மூஞ்சியில் எறியாதது அவர் பெற்றோர் செய்த புண்ணியம்.

முக்காலியும் பெரிய லென்ஸுமாக இந்தப் பக்கத்துச் சாலைகளில் நின்றால் சும்மா விடமாட்டார்கள். "ஏனுங்க, ரோடு அளக்க வந்தீங்ளா? எங்க காடு ரோட்டுக்குப் போவுதுங்ளா?" என்று வரப்பிலிருந்து ஓடிவருவார்கள். நாரையைப் படம் எடுக்கிறோம் என்றால் நம்பமாட்டார்கள். நாரை பறந்துபோன பிறகும் நின்று, நாங்கள் வண்டியைக் கிளப்பும்வரை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இப்போது அருவிச் சண்டை. கூட்டம் ஆரம்பித்த புதிது. எல்லோரும் கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்தோம். அடுத்த ஞாயிறு சாரும் அண்ணனும் மேசையில் வைத்தது ஒரே படம். அதே அருவி, அதே கல், கல்லின்மேல் அதே காய்ந்த இலை. "அந்த இலைய அங்க பாத்ததே நான்தாங்க சார்" என்று அண்ணன். "பார்த்தது நீங்களா இருக்கலாம். ஷட்டரைக் குறைச்சுத் தண்ணியைப் பஞ்சு மாதிரி எடுக்கலாம்னு சொன்னது யாரு?" என்று சார். பேச்சு ஏறிப்போய், இருவரும் மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரு காய்ந்த இலைக்காக அடித்துக்கொண்டதை நான் எங்கே போய்ச் சொல்ல? கடைசியில் முட்டைக்காரர்தான் பஞ்சாயத்துப் பண்ணி இந்தச் சட்டத்தைப் போட்டார். யார் முதலில் கேமராவைத் தூக்குகிறாரோ அவருடையது படம். அதற்குப் பிறகு சண்டையே இல்லை. உண்மையைச் சொன்னால், சட்டம் நாளடைவில் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. ஒருவர் தூக்கினால் மற்றவர் கை தானாகவே இறங்கும்.

போன தையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே பெண். கோயம்புத்தூரில் வேலை. மாப்பிள்ளை ஆத்தூர்ப் பக்கம். அண்ணன் பேக்கரிக்கு வந்து தாம்பூலத்தட்டை மேசைமேல் வைத்து அழைத்துவிட்டு, அதே மூச்சில் சொன்னார்:

"போட்டோவுக்கு வெளி ஆளு வெக்கலீங்க. நம்ம நாலு பேரு இருக்கறப்ப வெளியாளு எதுக்கு?"

எனக்குத் திக்கென்றது. "அண்ணா, நான் எறும்பு எடுக்கறவ. சார் பாறை எடுக்கறவரு. கல்யாணத்துக்கும் எங்களுக்கும் என்னங்ணா சம்பந்தம்?" என்றேன்.

"அட, நீ சும்மா இரு அம்மிணி. எறும்பு நிக்காம ஓடும். அதையே புடிக்கிறவ, நின்ன எடத்துல நிக்கற மாப்பிள்ளைய புடிக்க மாட்டியா?"

அண்ணன் மனைவிக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது என் முன்னாலேயே பேச்சு நடந்தது. "ஏனுங்க, ஊருல எல்லாரும் ஸ்டுடியோக்காரங்கள வெச்சு, மேல பறக்கற கேமராவெல்லாம் வெச்சு எடுக்கறாங்கொ. நம்ம புள்ளைக்கு மட்டும் ஏனுங்க இப்பிடி?" என்று கேட்டார். அண்ணன், "இத்தன வருசமா கேமராவ தூக்கிட்டு அலையறேன்னு திட்டறியே, அது எதுக்கு ஆச்சுன்னு இந்தக் கல்யாணத்துல பாரு. முகூர்த்தப் படம் ஒண்ணு போதும். நம்ம ஊட்டு நடுச்சுவத்துல மாட்டி வெச்சு, வாரவங்களெல்லாம் நின்னு பாத்துட்டுப் போவாங்க" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். "அம்மிணி, அவர நம்பலீங்க. உங்களத்தான் நம்பறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போனால், அண்ணன் சேலம் அம்மாபேட்டையில் எடுத்த வெண்பட்டு வேட்டியும், தோளில் பட்டுத் துண்டும், துண்டுக்கு மேல் கேமராவுமாக நிற்கிறார். சம்பந்தி வீட்டார், தங்களை வரவேற்க வேண்டிய மனிதரையே போட்டோக்காரர் என்று நினைத்து, "பொண்ணோட அப்பா எங்கப்பா?" என்று அவரிடமே கேட்டார்களாம். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். தாரை வார்க்கிற சமயத்துக்கு மட்டும் அண்ணன் கேமராவைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தண்ணீர் ஊற்றி முடித்த கையோடு, ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கி மாட்டிக்கொண்டார்.

வேலையைப் பிரித்துத்தான் வைத்திருந்தோம். சார் முக்காலியை மண்டபத்தின் நடுப் பாதைக் கோடியில் நட்டுக்கொண்டார். முட்டைக்காரரிடம் இருப்பது முழங்கை நீள லென்ஸ் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றால் மாப்பிள்ளையின் மூக்கு மட்டும்தான் விழும். ஆகவே மாடி வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் மேடையோரம். தாலித் தட்டு பெரியவர்கள் தொட்டுக் கும்பிடக் கிளம்பியபோது நானும் அதன் பின்னாலேயே போனேன். மஞ்சள் கயிற்றின்மேல் ஒவ்வொருவர் விரலும் வந்து படுவதை எடுத்தேன். என் கை என்னைக் கேட்காமலே சின்னதைத் தேடிக்கொண்டு போனது. அதற்கு நான் என்ன பண்ண?

தட்டு மேடைக்குத் திரும்பியது. நானும் என் இடத்துக்கு வந்து நின்றேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கேமராவைத் தூக்கப் போனேன். எதிர்ப்பக்கம் அண்ணன், மணமக்களுக்கு நேராக நின்று, கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டார்.

என் கை இறங்கிவிட்டது.

சட்டத்துக்குப் பயந்து இறங்கவில்லை. அவர் பெற்ற பெண். அந்தப் படத்தை எடுக்கிற உரிமை அந்த மனிதருக்கு இல்லாமல் வேறு யாருக்கு? பக்கத்தில் ஒரு பாட்டியம்மாவின் உள்ளங்கையில் மஞ்சள் அரிசி இருந்தது. குனிந்து அதை எடுக்க ஆரம்பித்தேன். கெட்டிமேளம் கொட்டியது. அரிசி பறந்தது. நிமிர்ந்து பார்த்தால் என் முன்னால் முதுகுகளும், முதுகுகளுக்கு மேலே தூக்கிய செல்போன்களும்தான். எல்லாம் ஆயிற்று என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

பந்தியில் நான், சார், முட்டைக்காரர் மூவரும் ஒரே வரிசை. கேசரி இலையில் விழுந்த நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து குனிந்தார். "அந்தத் தாலி கட்றது ஒண்ணு மட்டும் இப்பவே அனுப்புறீங்களா? எங்க குடும்ப குரூப்ல எல்லாரும் கேக்குறாங்க."

"அண்ணன்கிட்ட இருக்கு" என்றேன் நான். "அவர்தான் எடுத்தார்" என்றார் சார், அதே சமயம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சார், நீங்க எடுக்கலியா?"

"அவர் கேமராவைத் தூக்கிட்டாரேம்மா. நான் அதனால ஷட்டரை மெதுவா வெச்சு, கூட்டத்தை அருவி மாதிரி எடுத்துப் பார்த்தேன்."

"அட கெரகமே!" என்றேன். முட்டைக்காரர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "மேல இருந்து ஒண்ணும் சரியா வல்லீங்க" என்று சோற்றைப் பார்த்தே சொன்னார்.

அண்ணன் சாம்பார் வாளியோடு வந்த ஆளுக்குப் பின்னாலேயே, பந்தி விசாரித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான்தான் கேட்டேன். "அண்ணா, முகூர்த்தம் உங்க கேமராவுலதான இருக்குது?"

சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எடுக்கலியா?"

"நீங்க தூக்கிட்டீங்கன்னு நாங்க எறக்கிட்டோம்."

அண்ணன் கழுத்தில் தொங்கிய கேமராவைத் தொட்டார். "மறந்து போச்சு அம்மிணி" என்றார். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு வார்த்தையில் எப்படிக் குறுகிப்போகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என் இலையில் இருந்த கேசரி அப்படியே கிடந்தது. எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

செல்போன் படங்கள் இல்லாமலா? ஏகப்பட்டது வந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் இன்னொருவரின் செல்போன் குறுக்கே நின்றது. உள்ளதில் தேவலை என்று சொல்லத்தக்க படத்தில், மாப்பிள்ளையின் கை தெரியும். பெண்ணின் முகத்துக்கு நேராக யாரோ ஒருவருடைய வளையல் போட்ட கை. அதைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னதை அண்ணனே பிறகு எங்களிடம் சொன்னார். "பொழுதன்னிக்கும் கேமரா, கேமரான்னு அலைஞ்சீங்களே. கடைசியில எம் புள்ள தாலி ஏறுனத, எவளோ வளையலுக்குப் பின்னால பாக்க வெச்சுட்டீங்களே." கத்தவில்லையாம். மெதுவாகத்தான் சொன்னாராம். அதுதான் தாங்க முடியவில்லை என்றார்.

அதைச் சொல்லத்தான் அந்த ஞாயிறு பேக்கரிக்கு வந்தார். டீயைக்கூடக் குடிக்கவில்லை. "சார், என்ற கேமராவுக்கும் லென்சுக்கும் ஒரு ஆளு பாத்து உடுங்க. எனக்கு வேண்டாம். பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்" என்றார். சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, எழுந்து போய்விட்டார். எங்கள் படங்களைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து, நாரையையும் பாறையையும் பார்த்து, சொல்ல ஒன்றுமில்லாமல் எழுந்தோம். அவர் இல்லாமல்தான் தெரிந்தது, படத்தைத் திட்டுகிறவர் நாங்கள் மூவர், திட்டி முடித்ததும் ஏதாவது ஒரு நல்லதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான் என்று.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு படம் போனால் உலகமா போய்விடும்? பட்டறையில் வெல்டிங் பொறி பறக்க நின்று, அத்தனை ஆட்களை மேய்க்கிற மனிதர், இதற்குப் போய் மூலையில் உட்காருவாரா? போனில் கூப்பிட்டுத் திட்டினேன். "ஆமாங்க அம்மிணி, ஆமாங்க" என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கே "ங்க" போட்டுவிட்டார். அதுவரை ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

பிறகு ஒரு நாள் அவர் மகள் கூப்பிட்டாள். "அத்தை, ஞாயித்துக்கிழமை நானும் அவரும் ஊட்டுக்கு வாரோம். நீங்க மூணு பேரும் எடுத்தது அத்தனையும் எடுத்துட்டு வாங்க. ஒண்ணு விடாம. அப்பாகிட்டச் சொல்லாதீங்க. சொன்னா பட்டறைக்கு ஓடிருவாரு."

போனோம். அண்ணன் எங்களைப் பார்த்ததும் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அக்கா "வாங்க" என்றார். ஆனால் காபி டம்ளரை வைத்த சத்தம் தெருமுனைக்குக் கேட்டிருக்கும். சார் மடிக்கணினியை டிவியோடு இணைத்தார். புது மாப்பிள்ளை, பாவம், என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒயரைப் பிடித்துக்கொண்டு உதவி செய்தார்.

முதலில் என்னுடையது. டிவி நிறைய விரல்கள். மஞ்சள் கயிறு, அதன்மேல் ஒரு விரல், அடுத்த விரல், அடுத்த விரல். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அக்கா ஒன்றில் நிறுத்தச் சொன்னார். "இது எங்க பெரியம்மா கை. மோதரத்தப் பாரு. கழட்ட வராம அப்பிடியே போட்டிருக்கறது" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு விரலுக்கும் ஆள் சொன்னார்கள் தாயும் மகளும். என் மனசு கொஞ்சம் ஆறியது.

அடுத்தது சாருடையது. ஒரே ஒரு படம்தான் போட்டார். மண்டபத் தூண்கள், வாழை மரம், சீரியல் விளக்கு எல்லாம் கல்லில் செதுக்கியதுபோல் துல்லியமாக நிற்கின்றன. நடுவில் மனிதர்கள் ஒருவர் இல்லை. வெறும் புகை. வெள்ளைப் புகை, பச்சைப் புகை, மேடையில் கொஞ்சம் சிவப்புப் புகை.

"சார், இதுல நான் எங்க?" என்று கேட்டாள் மகள்.

"அந்தச் சிவப்பு இருக்கு பாரும்மா, அதுதான் நீ" என்றார் சார், பாடம் நடத்துகிற குரலில். "கெட்டிமேளம் ஆரம்பிச்சு முடியிற வரைக்கும் ஷட்டரைத் திறந்தே வெச்சிருந்தேன். தாலி கட்டினது முழுசா இதுக்குள்ள இருக்கு."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை, சிரிப்பு வெடித்துவிட்டது. "எத்தன ஆயிரம் போட்டு எடுத்த பட்டுச் சேல, புகையாப் போச்சே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். பேப்பர் மட்டும் அசையவில்லை.

"நீங்க போடுங்க மாமா" என்று மகள் முட்டைக்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "வேண்டாம் சாமி. நல்லா வல்ல."

"பரவால்ல, போடுங்க."

"தாலி இல்ல சாமி அதுல."

"தாலி இல்லைன்னாலும் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை விளங்கவில்லை. தயங்கித் தயங்கி மெமரி கார்டை எடுத்துச் சாரிடம் கொடுத்தார். "சட்டப்படி அவரு எடுக்கறத நான் எடுக்கக் கூடாதுங்களே," என்றார், யாரிடம் என்றில்லாமல். "அதனால எடுக்கற ஆள எடுத்தேன். அப்புறம் பாத்தா, ஒரு மனுசன் அப்பிடி நிக்கறத ஊருக்குக் காட்டறதா வேண்டாமான்னு எனக்கே தெரியல. அதான் பந்தியில சொல்லல."

டிவி முழுக்க அண்ணன் முகம். இல்லை, முதல் படத்தில் முகம் இல்லை, கேமராதான். கண்ணில் கேமராவை வைத்துக்கொண்டு நிற்கிறார். நாரை சிறகு விரிக்கும்போது முட்டைக்காரர் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பார். படம் படபடவென்று வரிசையாக விழும். அன்றைக்கும் அப்படித்தான் அழுத்தியிருக்கிறார். சார் ஒவ்வொன்றாகத் தள்ளினார். கேமரா கண்ணை விட்டுக் கொஞ்சம் இறங்குகிறது. இன்னும் இறங்குகிறது. இப்போது முகம் தெரிகிறது. அண்ணன் அழுகிறார். அழுகிறார் என்றால், வெறும் கண் கலங்கல் இல்லை. வாய் கோணி, மூக்கு விடைத்து, தாடை ஆட, சின்னப் பிள்ளை அழுகிறதுபோல் அழுகிறார்.

சிரித்துக்கொண்டிருந்த அக்காவின் கை அப்படியே வாயில் இருந்தது.

"நான் தலையக் குனிஞ்சுட்டு இருந்தேன்," என்றாள் மகள். "அப்பா எங்க நிக்கறாருன்னே தெரியல. வழக்கம்போல கேமராவுக்குப் பின்னால இருப்பாருன்னு நெனச்சுட்டேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, எங்க ஊட்டு ஆல்பம் பாத்திருக்கீங்களா? நான் பொறந்ததுல இருந்து எல்லாம் இருக்கும். காது குத்து, பள்ளிக்கூடம், ஊட்டி, எல்லாம். ஒண்ணுலகூட அப்பா இருக்க மாட்டாரு."

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. என் வீட்டிலும் நான் இல்லை. நாங்கள் நான்கு பேருமே அவரவர் வீட்டுப் படங்களில் இல்லாதவர்கள்தான்.

சார் அடுத்ததைத் தள்ளினார். அரிசி பறக்கிறது. அண்ணனின் வலது கை மெல்ல மேலே வந்து கேமராவைப் பிடிக்கிறது. அடுத்ததில் கேமராவைக் கொஞ்சம் தூக்குகிறார். அதற்கடுத்ததில் அப்படியே நிற்கிறார். பிறகு விரல் ஒவ்வொன்றாகக் கேமராவை விடுகிறது. கடைசிப் படத்தில் இரண்டு கையும் தொங்க, வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மகள் எழுந்து போய் அந்தப் பேப்பரைக் கீழே இறக்கினாள்.

"மறந்துட்டேன்னு சொன்னீங்களேப்பா."

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மறக்கலியே நீங்க. கேமராவுல கைய வெச்சுட்டு மறுபடி விட்டுட்டீங்க. ஏம்ப்பா?"

அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுக்குள்ள பாத்தா நீ எங்கியோ தூரத்துல, சின்னதாத் தெரிஞ்சே, சாமி. நீ போற நேரத்துல உன்ன அப்பிடிப் பாக்க எனக்கு மனசு வல்ல."

மகள் அவர் நாற்காலியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்க நான் கைக்குட்டை தேடினால் அகப்படவில்லை. லென்ஸ் துடைக்கிற துணிதான் இருந்தது. அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சார் பக்கம் திரும்பி, "கேமராவுக்கு ஆளு பாக்கச் சொன்னாராமா? பாக்க வேண்டாங்க" என்றார். சார் தலையை ஆட்டினார். அக்கா, இன்னும் காலியாகவே இருந்த நடுச்சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க படத்த இன்னொருக்கா மொதல்ல இருந்து போடுங்க," என்றார் முட்டைக்காரரிடம். "மெதுவாப் போடுங்க. அவர நான் சரியாப் பாக்கல."